பண்பாடு அறிந்த மருத்துவம்: அயர்லாந்து டிராவலர் சமூகம் தரும் சான்று

அயர்லாந்தின் நாடோடி மரபுச் சிறுபான்மையினரான டிராவலர் மக்களது உடல்நலத்தை விரிவாக ஆராய்ந்த அறிக்கை 2010இல் வெளிவந்தது. அதன்படி, டிராவலர் ஆணின் சராசரி ஆயுள் 61.7 ஆண்டு. நாட்டின் பொது ஆண் ஆயுளைவிட இது 15 ஆண்டு குறைவு. பெண்களிடத்தில் இந்த இடைவெளி 11.5 ஆண்டு. ஆயிரம் பிறப்புக்கு ஏறத்தாழ 14 சிசுக்கள் ஓராண்டு நிறையும் முன்னே இறந்தன. பொது மக்களிடையே அந்த எண் 4க்கும் கீழே. இக்கொடுமைக்கு வழக்கமாகக் கூறப்படும் காரணம், நோய் முற்றும்வரை அவர்கள் மருத்துவரை நாடுவதில்லை, அவர்களது பண்பாடே அதற்குத் தடை என்பதாகும். இதை ஏற்றுக்கொண்டால், பண்பாடு அறிந்த மருத்துவம் என்பது செவிலியருக்குச் சில வழக்கங்களைக் கற்பிப்பதோடு முடிந்துவிடும். பெண்ணின் உடல்நிலையை ஆண் உறவினர் முன் பேசலாகாது, நோயாளியைக் காணக் குடும்பமே திரண்டு வரும் என்பனவற்றை மருத்துவமனை அறிந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த அறிவு மட்டும் ஆயுளைக் கூட்டாது.

அந்த ஆய்வின் தரவுகளே வேறொரு விளக்கத்தைத் தருகின்றன. டிராவலர்களில் பெரும்பாலோரிடம் இலவச மருத்துவ அட்டை இருந்தது. எனவே மருத்துவக் கட்டணத்தை முதன்மைத் தடையாகக் கொள்ள இயலாது. மருத்துவத் துறையினரை முழுமையாக நம்புவதாகச் சொன்னவர்களோ 41 விழுக்காட்டினர்தாம். பொது மக்களில் அது 83 விழுக்காடு. கூச்சம் மிகுந்தவர்கள் எனப்படும் டிராவலர் பெண்கள் மார்பக, கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைகளுக்கு வருவதில் பிற பெண்களுக்குப் பின்தங்கவில்லை என்பது அதைவிடக் கவனிக்கத்தக்கது. பண்பாடுதான் தடையென்றால் இது நிகழ்ந்திருக்க முடியாது. 1994 முதல் டப்ளினின் ஃபிங்லஸ் பகுதியில், டிராவலர் உரிமைக்காக இயங்கும் பேவி பாயிண்ட் அமைப்பும் அரசு சுகாதார வாரியமும் சேர்ந்து டிராவலர் பெண்களையே சமூக நலப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தன; பின்னர் அம்முறை நாட்டின் பிற பகுதிகளுக்கும் பரவியது. தம்முள் ஒருத்தி வாசலுக்கு வந்து விளக்கியபோது பரிசோதனை அந்நியமாகத் தோன்றவில்லை என்பதே அப்பெண்கள் பரிசோதனைக்கு வந்ததற்குப் பொருந்தும் விளக்கம். 2010 ஆய்வுக்கான தகவல்களைத் திரட்டியவர்களும் பயிற்சி பெற்ற டிராவலர்களே.

ஒரு சமூகத்துக்கெனத் தனிப் பணியாளர் வைப்பது சமத்துவத்துக்கு முரணல்லவா என்று கேட்கப்படுகிறது. எல்லோருக்கும் ஒரே வாசலைத் திறந்து வைத்த ஏற்பாட்டில்தான் இந்த 15 ஆண்டு இடைவெளி நீடித்தது; அதைச் சமத்துவம் என்று அழைக்க என்னால் இயலவில்லை. இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: குடிநீரும் கழிப்பிடமும் சரிவர இல்லாத தங்குமிடங்கள் இருக்கையில் நலப் பணியாளர் என்ன செய்ய முடியும்? இது நியாயமான கேள்வி. நாடோடி வாழ்வையே ஒழிக்கவேண்டிய சிக்கலாகக் கண்ட 1963ஆம் ஆண்டு அரசு ஆணைய அறிக்கையின் பார்வை நெடுங்காலம் கொள்கையை வழிநடத்தியது. அதன் விளைவுகளை மருத்துவத் துறை தனியே சரிசெய்ய முடியாது. ஆனாலும் எந்தத் தங்குமிடத்தில் எந்த நோய் மிகுகிறது என்பதை நகராட்சியின் முன் சான்றோடு வைக்கக்கூடியவர் அங்கேயே வாழும் அந்தப் பணியாளர்தான். அரசு 2017இல் டிராவலர்களைத் தனி இனக்குழுவாக ஏற்றது. அந்த ஏற்பு மருத்துவமனைப் பதிவேடுகளிலும் இடம்பெற வேண்டும். இனக்குழு பற்றிய கேள்வியை டிராவலரிடம் மட்டுமன்றி ஒவ்வொரு நோயாளியிடமும் கேட்க வேண்டும். நலப் பணியாளருக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் மானியத்துக்குப் பதில் நிரந்தர ஊதியம் தரவேண்டும்.