பாடநூலுக்குள் வந்த சமத்துவம்

தருமபுரி மாவட்டம், அரூர் வட்டத்தில் உள்ளது தீர்த்தமலை. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழகத்தின் கடைசி மாவட்டமாக நின்றது தருமபுரி. அங்கும் ஆண்களுக்குப் பின்னால் நின்றவர்கள் பெண்களே. இத்தகைய ஊர்களின் பெண்மக்களைக் குறித்து நமது கல்விக் கொள்கை என்ன சொல்லி வந்திருக்கிறது?

விடுதலைக்குப் பின் எழுந்த முதல் கேள்வி, பெண்ணைப் பள்ளிக்கு எவ்வாறு கொண்டுவருவது என்பதே. 1958இல் துர்காபாய் தேஷ்முக் தலைமையில் அமைந்த குழு அதனை ஆராய்ந்தது. அடுத்த கேள்வி, பள்ளிக்கு வந்தவளுக்கு எதைக் கற்பிப்பது என்பது. ஆணுக்கு ஒரு பாடத்திட்டம், பெண்ணுக்கு வேறொன்று என்னும் வேறுபாடு வேண்டாம் என்று ஹன்சா மேத்தா குழு பரிந்துரைத்தது. 1974இல் வெளிவந்த பெண்கள் நிலை குறித்த குழுவின் அறிக்கையோ, நாடு வளர்ந்தும் பெண்களின் நிலை பல துறைகளில் பின்னடைந்திருப்பதை எடுத்துக்காட்டியது.

இதன் பின்னரே 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, பெண்களின் சமத்துவத்திற்கான கல்வி எனத் தனிப்பகுதி ஒன்றை வகுத்தது. பெண்ணின் நிலையையே மாற்றும் கருவியாகக் கல்வியை அது கண்டது. பாடநூல்களும் ஆசிரியர் பயிற்சியும் அதற்கேற்பத் திருத்தப்பட வேண்டும் என்றது. தாய் அடுக்களையில், தந்தை நாளிதழுடன் என்று வரையப்படும் படமும் ஒரு பாடமே என்பதை உணர்ந்த மாற்றம் இது.

நமது சமுதாயத்திற்கு இச்சிந்தனை அந்நியமானதன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், பெண்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க, அவர்களுக்குக் கற்பிக்கத் தனியே ஒரு நாளை ஒதுக்கினார்கள். சென்னையில் நீதியரசர் பஷீர் அகமது சையீது அவர்களின் முயற்சியால் 1955இலேயே எஸ்.ஐ.இ.டி. மகளிர் கல்லூரி தோன்றியது. 1986இன் கொள்கைக்கு முப்பத்தோராண்டு முந்தைய பணி அது!

இன்று அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை பயின்று உயர்கல்விக்குச் செல்லும் மாணவிக்கு, 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் மாதம் 1000 ரூபாய் வழங்குகிறது. எனினும், பத்தாம் வகுப்பு முடித்த மகளை மேலும் படிக்கப் பேருந்தேற்றி அனுப்புவதா என்பதை எந்தக் கொள்கையும் முடிவு செய்வதில்லை. வாப்பாவும் உம்மாவுமே முடிவு செய்கிறார்கள். மகனுக்குத் தயங்காத நாம் மகளுக்கு மட்டும் தயங்குவோமாயின், பாடநூலுக்குள் வந்த சமத்துவம் நம் வீட்டு வாசலில் நின்றுவிடும்.