இங்கிலாந்தில் அறங்காவலர் ஊதியமும் செலவு ஈடும்

இங்கிலாந்திலும் வேல்சிலும் அறநிறுவனத்தை ஆளும் அறங்காவலர், அப்பொறுப்புக்காகப் பொதுவாகச் சம்பளம் பெறுவதில்லை. கைப்பணம் செலவாகியிருந்தால் அதைத் திரும்பப் பெறலாம். சான்சரி நீதிமன்றத் தீர்ப்புகள் உருவாக்கிய விதி இது. நாடாளுமன்றச் சட்டங்கள் வெகுகாலம் பின்னரே வந்தன.

தோற்றம்: 1726ஆம் ஆண்டின் கீச் எதிர் சான்ட்ஃபோர்டு வழக்கு இதற்கு அடிப்படை. ரம்ஃபர்ட் சந்தை வருவாயின் குத்தகை ஒரு சிறுவனுக்காக அறங்காவலர் ஒருவரிடம் இருந்தது. சிறுவன் பேரில் புதுப்பிக்க உடைமையாளர் மறுக்கவே, அறங்காவலர் தம் பேரிலேயே எழுதி வாங்கினார். மோசடி ஏதும் இல்லாதபோதும், குத்தகையும் இலாபமும் சிறுவனுக்கே உரியவை என லார்டு கிங் தீர்ப்பளித்தார். ராபின்சன் எதிர் பெட் (1734) வழக்கில், நேரத்துக்கும் உழைப்புக்கும் கூலி கேட்க அறங்காவலருக்கு உரிமையில்லை என்று முடிவானது. அனுமதித்தால் சொத்தே கூலியில் கரைந்துவிடும் என்பது காரணம்.

இவை குடும்பச் சொத்து பற்றியவை. பொதுநிறுவன ஆட்சிக்குழுவில் இவ்விதியை நிலைநாட்டியது பிரே எதிர் ஃபோர்டு (1896). லீட்சு நகர யார்க்‌ஷயர் கல்லூரியின் துணைத்தலைவரான ஃபோர்டு, அக்கல்லூரிக்கே சொலிசிட்டராகவும் இருந்து கட்டணம் பெற்றார். ஆட்சிக்குழுவினரான பிரே அதைக் கண்டித்துக் கடிதம் அனுப்ப, ஃபோர்டு தொடுத்த அவதூறு வழக்கில் ஜூரி அவருக்கு 600 பவுண்டு இழப்பீடு வழங்கியது. பிரபுக்கள் சபை அதைத் தள்ளி மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. பொறுப்பிலிருப்பவர் வெளிப்படையான அனுமதியின்றி ஆதாயம் பெறலாகாது என்றார் லார்டு ஹெர்ஷல். ஆதாயம் குறுக்கிட்டால் கடமை வழுவும் மனித இயல்பையே அவர் காரணம் காட்டினார்.

1951இல் பிரெஞ்சுப் புராட்டஸ்டன்ட் மருத்துவமனையின் இயக்குநர்கள், தங்கள் தொழிற்கட்டணத்துக்கு இடமளிக்கத் துணைவிதியைத் திருத்த முயன்றபோதும் நீதிமன்றம் இசையவில்லை.

வகைப்பாடு: பணம் மூவகைப்படும்.

1. பொறுப்பூதியம்: நிறுவன ஆவணம், அறநிறுவன ஆணையம், நீதிமன்றம் அல்லது சட்டத்தின் அனுமதி தேவை. கூட்டத்துக்கு வந்ததால் இழந்த சம்பளத்தை ஈடுசெய்வதும் இதில் அடங்கும்.

2. சேவைக் கட்டணம்: கட்டடப் பழுது, கணக்கு வேலை போன்றவற்றுக்குரியது. 2011ஆம் ஆண்டு அறநிறுவனச் சட்டத்தின் 185ஆம் பிரிவுப்படி எழுத்து ஒப்பந்தமும் நியாயமான தொகையும் வேண்டும். பணம் பெறுவோர் குழுவில் சிறுபான்மையாக இருக்க வேண்டும்.

3. செலவு ஈடு: ரயில் கட்டணம், இரவுத் தங்கல், கூட்ட நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்த செலவு முதலியன. இது ஆதாயமாகாது.

இன்றைய நிலை: 2022ஆம் ஆண்டு அறநிறுவனச் சட்டம், அறங்காவலர் நிறுவனத்துக்குப் பொருள் விற்பதையும் சேவைபோலவே அனுமதித்தது. சில வீட்டுவசதிச் சங்கங்கள் ஊதியம் தருகின்றன. ஊதியம் தந்தால் எளியோரும் குழுவுக்கு வருவர் என்ற வாதம் உண்டெனினும், தன்னார்வமே அறப்பணியின் உயிராதலால் பொதுவிதி மாறவில்லை.