முகம் பழகிய பிறகே கேலி: கால்பந்துக் கேலிச்சித்திரமும் சேதுக்கரையும்

2015 டிசம்பர் 20 அன்று கோவாவின் ஃபட்டோர்டா மைதானத்தில் இந்தியன் சூப்பர் லீக் இறுதியாட்டம் நடந்தது. கோவா அணிக்குப் பயிற்சியாளர் பிரேசிலின் ஜிகோ. சென்னையின் எஃப்சிக்கு இத்தாலியின் மார்கோ மாட்டராஸி. 3-2 என்று சென்னை வென்றது. இருவருமே உலகெங்கும் ஓவியர்கள் வரைந்து பழகிய ஆட்கள். அதிலும் மாட்டராஸியை மறக்க வழியில்லை. 2006 ஜூலை 9 அன்று பெர்லினில் உலகக் கோப்பை இறுதியாட்டத்தின்போது ஜிடான் தலையால் முட்டியது இவர் மார்பில்தான். அந்தக் காட்சியை அடெல் அப்தெஸ்ஸமெட் என்ற கலைஞர் 5 மீட்டருக்கும் மேல் உயரமுள்ள வெண்கலச் சிலையாக வார்த்து 2012-இல் பாரிஸில் நிறுத்தினார்.

அப்படிப்பட்டவர் 2014 முதல் மூன்று பருவங்கள் சென்னை அணியோடு இருந்தார். நெடிய உடல், ஒட்ட வெட்டிய தலை, கை நிறையப் பச்சை. கேலிச்சித்திரக்காரருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனாலும் தமிழ் இதழ்களின் கேலிச்சித்திரம் பெரும்பாலும் அரசியல்வாதி, திரை நட்சத்திரம், கிரிக்கெட் வீரர் என்ற வட்டத்துக்குள்ளேயே சுற்றிவந்தது. கால்பந்துக்காரர்கள் அதன் ஓரத்தில்தான் நின்றார்கள். தமிழ் ஓவியர்களுக்குத் திறமை போதவில்லை என்று இதற்குக் காரணம் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் கால்பந்துப் பித்து இல்லை என்றும் சொல்ல முடியாது. வாசகருக்கு அந்த முகம் பழகியிருந்ததா என்பதுதான் கேள்வி. இதைப் பின்னோக்கித் தேடிப் போனால் முதலில் போய் நிற்கவேண்டிய இடம், சேதுக்கரை எனப்படும் ராமநாதபுரக் கடற்கரைப் பகுதியை ஆண்ட சேதுபதி மன்னர்களின் ராமநாதபுரம் அரண்மனை.

அரண்மனையின் இராமலிங்க விலாசத்துச் சுவர்களில் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்தில், தீட்டப்பட்ட ஓவியங்கள் இன்றும் இருக்கின்றன. தஞ்சை மராட்டியரோடு நடந்த போர், இராமாயணக் காட்சிகள், அந்தப்புரம், ஐரோப்பியரைச் சேதுபதி வரவேற்பது என்று ஓர் அரசின் வாழ்வு முழுவதும் அங்கே விரிகிறது. அந்த வரவேற்புக் காட்சி நம் விஷயத்துக்கு முக்கியமானது. வந்தவர்கள் வெள்ளைக்காரர்கள் என்று தொப்பியையும் நீண்ட மேலங்கியையும் வைத்தே கண்டுகொள்கிறோம். அவர்களில் ஒருவர் இன்னார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல இயலாது. சேதுபதியையும் இருக்கை, அணிகலன், சுற்றி நிற்போரின் பணிவு ஆகியவற்றைக் கொண்டுதான் அறிகிறோம். ஓவியனின் கைக்குறை இதில் ஏதுமில்லை. பதவியை வரைவதே அந்த மரபின் நோக்கம். ஒருவரின் மூக்கைச் சற்றே நீட்டிச் சிரிக்கவைக்க வேண்டுமென்றால், அந்த மூக்கு எப்படி இருக்கும் என்பது பார்ப்பவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அச்சும் புகைப்படமும் வராத காலத்தில் அது அரண்மனைக்குள் இருந்தவர்களுக்கு மட்டுமே சாத்தியம்.

சேதுபதியின் பெயரோடு சேர்ந்த இன்னோர் இடத்திலிருந்து அடுத்த கட்டம் தொடங்குகிறது. 1904-இல் மதுரை சேதுபதி உயர்நிலைப்பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்த பாரதி, சென்னைக்குப் போய் 1906-இல் ‘இந்தியா’ வார இதழின் பொறுப்பை ஏற்றார். தமிழில் அரசியல் கருத்துப்படம் தொடர்ந்து வெளிவந்த முதல் இதழ் அது. 1908-இல் புதுச்சேரிக்கு இடம் மாறி 1910-இல் நின்றுபோனது. அந்தப் படங்களில் நாடுகள் விலங்குகளாகவும் கொள்கைகள் மனிதர்களாகவும் வந்தன. படம் இன்னதைச் சொல்கிறது என்று விளக்கமும் கூடவே அச்சானது. வாசகர் படத்தைப் பார்த்தவுடன் ஆளை அடையாளம் கண்டுகொள்வார் என்ற நம்பிக்கை இதழுக்கு இன்னும் வரவில்லை என்பதற்கு அந்த விளக்கமே சாட்சி.

அந்த நம்பிக்கையைத் தமிழ் வாசகருக்கும் இதழுக்கும் ஒருசேரக் கொடுத்தவர் மாலி. டி.ஆர். மகாலிங்கம் என்பது முழுப்பெயர். 1928-இல் எஸ்.எஸ். வாசன் கைக்கு வந்த ‘ஆனந்த விகடன்’ 1930-களில் வேகமாக வளர்ந்தபோது அதன் பக்கங்களுக்கு முகம் கொடுத்தவர் அவர்தான். பிறகு வந்த கோபுலு, சில்பி, ராஜு எல்லோரும் அவர் நிழலில் வளர்ந்தவர்கள். மாலி சபாக்களில் உட்கார்ந்து, கச்சேரி செய்துகொண்டிருக்கும்போதே வித்வான்களை வரைந்தார். பழைய ராமநாதபுரம் மாவட்டத்து அரியக்குடியில் பிறந்து, ராமநாதபுரம் சமஸ்தானத்துப் பூச்சி ஸ்ரீநிவாச ஐயங்காரிடம் பாடம் கேட்ட ராமானுஜ ஐயங்காரும் அவர் தூரிகைக்குத் தப்பவில்லை.

மாலி செய்தது என்ன என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முகத்தை மட்டும் பெரிதாக்கி உடம்பைச் சிறிதாக்கும் சுலபமான வழியில் அவர் போகவில்லை. பாடகர் கையை எந்தக் கோணத்தில் தூக்குகிறார், எந்த ஸ்வரத்துக்கு வாய் எந்தப் பக்கம் போகிறது, தாளம் போடும் தொடைமேல் உடம்பு எப்படிச் சாய்கிறது என்று உடலின் பழக்கத்தைப் பிடித்தார். தலையைச் சுற்றி ஒரு வளைவு, தோளுக்கு ஒரு வீச்சு, விரலுக்கு இரண்டு கோடு, அதற்குள் ஆள் வந்துவிடுவார். முன்வரிசையில் உட்கார்ந்து கேட்ட ரசிகர், படத்தைப் பார்த்ததும் ராகத்தையே கேட்டதுபோலச் சிரித்திருப்பார். வானொலியும் இசைத்தட்டும் சபாவும் ஏற்கெனவே அந்த வித்வான்களை வீட்டு மனிதர்களாக்கி வைத்திருந்தன. அந்தப் பழக்கத்தின் மேல்தான் மாலியின் கோடு நின்றது.

இயங்கும் உடலை ஒரு நொடியில் பிடிக்கும் இந்தக் கலைதான் கால்பந்துக் கேலிச்சித்திரத்துக்கும் உயிர். ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்தில் அதைச் செய்துகொண்டிருந்தவர் டாம் வெப்ஸ்டர். 1886-இல் பிறந்த இவர் 1919 முதல் ‘டெய்லி மெயில்’ நாளிதழில் விளையாட்டுப் படங்கள் வரைந்தார். ஓர் ஆட்டத்தை ஒரே படமாக வரையாமல், அதன் ஓட்டத்தை வரிசையாகச் சிறுசிறு உருவங்களில் சொன்னார். கால்கள் பின்னிக்கொண்ட டிஷி என்ற பந்தயக் குதிரை அவர் வரைந்த பிறகு நாடறிந்த பாத்திரமாகிவிட்டது.

அதைவிட முக்கியமானது சிகரெட் அட்டை. ஜான் பிளேயர் நிறுவனம் 1926-இல் ‘ரிப்’ என்ற பெயரில் வரைந்த ஓவியரின் கிரிக்கெட் கேலிச்சித்திரங்கள் 50-ஐயும், 1927-இல் ‘மாக்’ வரைந்த கால்பந்து வீரர்களின் கேலிச்சித்திரங்கள் 50-ஐயும் சிகரெட் பெட்டிகளுக்குள் வைத்து விற்றது. முன்பக்கம் பெரிய தலையும் சின்ன உடம்பும். பின்பக்கம் வீரர் பற்றிய குறிப்பு. அப்பா புகைத்த பெட்டியிலிருந்து எடுத்த அட்டையை மகன் பள்ளியில் மாற்றிக்கொண்டான். ஊர்விட்டு ஊர் போகாத சிறுவனுக்கும் வேறொரு நகரத்துச் சென்டர் ஃபார்வர்டின் தாடை எப்படி இருக்கும் என்று தெரிந்துபோனது. கேலிச்சித்திரத்துக்கு வேண்டிய முதலீட்டை அங்கே ஒரு வணிகப் பொருளே செய்து கொடுத்தது.

இங்கே நிலைமை வேறு. 1911 ஜூலை 29 அன்று மோகன் பகான் ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வீழ்த்தி ஐஎஃப்ஏ கேடயத்தை வென்ற செய்தி நாடெங்கும் பரவியது. ஆனால் பரவியது செய்திதான், ஆட்டக்காரர்களின் முகங்கள் அல்ல. தஞ்சாவூர்க்காரரான சைமன் சுந்தரராஜ் 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடினார். அவர் படத்தைத் தெருவில் காட்டியிருந்தால் அன்றைய தமிழர் எத்தனை பேர் பெயர் சொல்லியிருப்பார்கள்? பெயர் சொல்ல முடியாத முகத்தைக் கேலி செய்ய மாலியே வந்தாலும் முடியாது.

கோடு போக முடியாத இடத்துக்கு நாக்கு போனது. கால்பந்து ஆடும் ஊர்களில் பட்டப்பெயர்தான் முதல் கேலிச்சித்திரம். கடற்கரைக் கிராமங்களில் பட்டப்பெயர் இல்லாத ஆளைக் காண்பது அரிது. மைதானத்திலும் அப்படியே. இதற்குத் தமிழரிடையே சிறந்த எடுத்துக்காட்டு மலேசியாவில் கிடைக்கிறது. சேதுக்கரை ஊர்களிலிருந்து கப்பலேறியவர்கள் பலர் போய்ச் சேர்ந்த நாடு அது. அங்கே தேசிய அணியின் கோல்கீப்பராக இருந்த ஆர். ஆறுமுகத்தை ரசிகர்கள் ‘ஸ்பைடர்மேன்’ என்றே அழைத்தார்கள். நீண்ட கைகள், எந்த மூலைக்குப் போன பந்தையும் தொட்டுவிடும் வீச்சு. அந்தக் கைகளை இன்னும் ஒரு சாண் நீட்டிவிட்டால் படம் முடிந்துவிடும். பெயர் வைத்தவர் ஓவியர் செய்வதையே செய்திருக்கிறார்: உடலில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கியிருக்கிறார். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றும் மலேசியா புறக்கணித்ததால் அந்த அணி போகவில்லை. 1988 டிசம்பரில் சாலை விபத்தில் ஆறுமுகம் இறந்தார். அந்த அணியின் கதையிலிருந்து பிறந்த ‘ஓலா போலா’ படம் 2016-இல் வெளிவந்து அவரைப் புதிய தலைமுறைக்குக் கொண்டுபோனது.

நாக்கால் வரையும் கலையில் பயிற்சியாளர்களும் தேர்ந்தவர்கள். 1997 ஜூலை 13 அன்று கொல்கத்தா சால்ட் லேக் அரங்கில் ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. சுமார் 1,31,000 பேர் கூடிய அந்த ஆட்டத்துக்கு முன்பு மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தா ஈஸ்ட் பெங்கால் வீரர்களைக் கேலி செய்தார். பாய்ச்சுங் பூட்டியா அவர் வாயில் ‘சம்சம்’ என்ற வங்காள மிட்டாய் ஆனார். கென்யாவின் ஓமோலோ ‘ஆம்லெட்’ ஆனார். பூட்டியா மூன்று கோல் போட்டார். ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றது. வங்காளத்தில் அந்தப் பெயர்கள் எடுபட்டதற்குக் காரணம் அங்கே ஆட்டக்காரர்களின் முகமும் நடையும் எல்லோருக்கும் அத்துப்படி.

தமிழ்நாட்டில் முகங்களைக் கொண்டுவந்தவை இரண்டு. ஒன்று, 1978-இல் சென்னையிலிருந்து தொடங்கிய ‘ஸ்போர்ட்ஸ்டார்’ இதழ். அதன் வண்ணப் படங்கள் விடுதி அறைச் சுவர்களில் ஏறின. மற்றொன்று தொலைக்காட்சி. சேதுக்கரைக்கு இதில் தனி வரலாறு உண்டு. 1982-இல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியதும், ஆன்டெனாவைக் கடல் பக்கம் திருப்பிப் படம் பிடித்த கரை இது. 1987-இல் கொடைக்கானல் ஒளிபரப்பு வந்தபிறகுதான் தென்மாவட்டங்களுக்குத் தூர்தர்ஷன் சரியாக எட்டியது. பின்னர் ராமேஸ்வரத்திலேயே 323 மீட்டர் உயரத்தில் ஒளிபரப்புக் கோபுரம் எழுந்தது. 1990 இத்தாலி உலகக் கோப்பையில் கொடிக்கம்பத்தருகே இடுப்பை அசைத்து ஆடிய 38 வயது ரோஜர் மில்லாவையும், தலைமுடியே பாதி உடம்பாகத் தெரிந்த வால்டெர்ராமாவையும், கோலை விட்டு வெளியே ஓடிவந்த ஹிகிட்டாவையும் உள்ளூர் ஆட்டக்காரர்களைவிட நன்றாக அறிந்த ஒரு தலைமுறை அப்படி உருவானது.

மரடோனா இதற்கெல்லாம் தலைவர். அவரை வரைவது எப்படி என்று பார்த்தால் கலையின் நுட்பம் புரியும். குட்டையான உருவம் என்பதால் பலரும் முதலில் உயரத்தைக் குறைப்பார்கள். தேர்ந்த கை கழுத்தைக் குறைக்கும். தோளுக்குள் புதைந்த தலை, முன்தள்ளிய மார்பு, தூண்போன்ற தொடை, அதன்கீழ் சின்னஞ்சிறு பூட்ஸ். பந்து காலோடு ஒட்டியே இருக்க வேண்டும். 1986 ஜூன் 22 அன்று இங்கிலாந்துக்கு எதிராகக் கையால் தட்டிய கோலுக்குப் பிறகு, இடக்கையைச் சற்று உயர்த்திவிட்டால் முகமே வேண்டாம்.

பயிற்சியாளர்கள் முகமானதும் தொலைக்காட்சியால்தான். கேமரா கோட்டோரம் நிற்பவரையும் காட்டத் தொடங்கியதும் ஃபெர்குசனின் சூயிங்கமும் வெங்கரின் நீண்ட கோட்டும் ஓவியருக்குத் தீனியாயின. கேலி எங்கே அவமதிப்பாகிறது என்பதற்கும் ஒரு பயிற்சியாளரே எடுத்துக்காட்டு. 1992 ஜூனில் ஸ்வீடனிடம் இங்கிலாந்து தோற்றதும், ‘தி சன்’ நாளிதழ் இங்கிலாந்துப் பயிற்சியாளர் கிரஹாம் டெய்லரின் தலையை டர்னிப் கிழங்காக மாற்றி அச்சிட்டது. அந்தக் கிழங்கு அவரைப் பல்லாண்டுகள் விடவில்லை. அதில் டெய்லரின் உடலைக் கவனித்த கண் ஏதுமில்லை, வெட்டி ஒட்டியது மட்டுமே. மாலி வரைந்த வித்வானின் படத்தில் வித்வானின் கலையும் இருந்தது. டெய்லரின் படத்தில் டெய்லர் இல்லை.

வெட்டி ஒட்டுவது தமிழ்நாட்டையும் பிடித்தது. 2000-க்குப் பிறகு டிஜிட்டல் ஃபிளெக்ஸ் வந்ததும் சுவரிலும் துணியிலும் வரைந்து பிழைத்த ஓவியர்களின் வேலை சுருங்கியது. உலகக் கோப்பை வந்தால் மெஸ்ஸியின் புகைப்படத்துக்குக் கீழே ஊர் இளைஞர்களின் புகைப்படங்கள். ஒரு கோடுகூடக் கையால் போட்டதாக இருக்காது. முகங்கள் ஒருவழியாக வந்து சேர்ந்த நேரத்தில் கை காணாமல் போனது. இந்தக் கரையில் கையால் வரைந்து பழகிய ஒரே முகம் அப்துல் கலாமுடையது. 2002-இல் அவர் குடியரசுத் தலைவரானதும் நெற்றியின் இருபுறமும் வழியும் வெள்ளை முடி போதும் என்று ஓவியர்கள் கண்டுகொண்டார்கள். ராமேஸ்வரத்துப் பள்ளிப்பிள்ளையும் அந்த இரண்டு வளைவுகளில் அவரைக் கொண்டுவந்துவிடும்.

இப்போது வரையத்தக்க முகங்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. 2018-லும் 2023-லும் தமிழக மகளிர் அணி தேசியக் கால்பந்துச் சாம்பியன்ஷிப்பை வென்றது. கடலூரின் இந்துமதி கதிரேசன் காவல்துறைப் பணியிலும் இருந்துகொண்டு இந்திய அணிக்கு ஆடியவர். சென்னையின் நந்தகுமார் சேகர் 2023 ஆகஸ்ட் 12 அன்று டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலுக்காக அடித்த ஒரே கோல், மோகன் பகானுக்கு எதிரான தொடர் தோல்விகளை முடித்துவைத்தது. இவர்களைப் புகைப்படத்திலிருந்து வரைவதைவிட மாலி செய்ததுபோல ஆடுகளத்துக்கே போய் உட்கார்ந்து வரைவது நல்லது. பந்தை வாங்கும் முன் தோளைத் திருப்பிப் பார்ப்பதும், ஃப்ரீகிக்குக்கு முன் காலுறையை இழுத்துவிடுவதும் படத்துக்கு வேண்டிய பழக்கங்கள். ஒரு நொடியை உறையவைக்கும் புகைப்படத்தில் அவை பெரும்பாலும் தவறிப்போகும். வாராவாரம் ஓர் ஆட்டக்காரரை அப்படி வரைய ஒரு தமிழ் இதழ் அரைப்பக்கம் ஒதுக்கினால், இரண்டு பருவங்களுக்குள் பெயர் எழுதாமலே ஆளைச் சொல்லும் வாசகர்கள் உருவாகிவிடுவார்கள். விகடனில் வித்வான்களுக்கு நடந்தது அதுதான்.