ரெக்ஸ்டேலில் நோவின் மொழி: இயன்முறை மருத்துவமும் புலம்பெயர் தமிழரும்

முன்னுரை

புலம்பெயர் தமிழரின் வரலாறு கோயில், பள்ளி, இதழ், அமைப்பு ஆகியவற்றின் வழியே பெரிதும் எழுதப்பட்டு வந்துள்ளது. உழைத்துத் தேய்ந்த உடலின் வரலாறும் அதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. ரொறன்ரோவின் வடமேற்கில், ஹம்பர் ஆற்றுக்கு மேற்கே அமைந்த ரெக்ஸ்டேல் அதற்குரிய களங்களுள் ஒன்று. 1950களில் ரெக்ஸ் ஹெஸ்லொப் என்னும் கட்டுநர் உருவாக்கிய இக்குடியிருப்பு, 1998ஆம் ஆண்டின் நகர இணைப்பு வரை எட்டோபிக்கோவின் பகுதியாக இருந்தது. 1983க்குப் பின் இலங்கையிலிருந்து ரொறன்ரோ வந்த தமிழருள் ஒரு பகுதியினர் இங்குள்ள அடுக்குமாடிகளில் குடியேறினர். சுற்றிலும் தொழிற்சாலைகள், பண்டகசாலைகள், அருகே பியர்சன் விமான நிலையம். குனிந்தும் சுமந்தும் நெடுநேரம் நின்றும் செய்யும் வேலைகளே இப்பகுதியில் மிகுதி.

இத்தகைய உழைப்பால் வரும் முதுகு, தோள், முழங்கால் நோவுகளுக்கு இயன்முறை மருத்துவம் பரிந்துரைக்கப்படுகிறது. அம்மருத்துவம் நோயாளி தாமே செய்யும் பயிற்சியால் பயன் தருவது. எனவே அவருடைய மொழி அதன் கருவிகளுள் ஒன்று என்பதை வரலாற்று வழியில் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

போரும் புதிய தொழிலும்

கனடாவில் இத்தொழில் முதல் உலகப் போரின் காயங்களிலிருந்து வளர்ந்தது. 1917இல் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஹார்ட் ஹவுஸ் கட்டடத்தில், ஊனமுற்ற படைவீரரின் மூட்டுகளையும் தசைகளையும் மீண்டும் இயங்கச் செய்யும் பயிற்சி கற்பிக்கப்பட்டது. 1920இல் இத்தொழிலினரின் தேசியச் சங்கம் தோன்றியது; 1929இல் அதே பல்கலைக்கழகம் முறையான படிப்பைத் தொடங்கியது. அசையாத மூட்டு இறுகும், பயன்படாத தசை மெலியும், படிப்படியாகக் கூட்டப்படும் சுமை இரண்டையும் மீட்கும் என்பதே இக்கல்வியின் அடித்தளம்.

வேலூர் தந்த பாடம்

தமிழ் மண்ணில் இக்கல்வி வேறொரு நோயை எதிர்கொண்டது. 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றத்தால் நிமிர்த்தினார். அறுவை முடிந்ததும் வேலை முடிந்துவிடவில்லை. முன்பு ஒரு வேலை செய்த தசை இப்போது வேறொன்றைக் கற்க வேண்டியிருந்தது. அதைக் கற்பித்தவர் இயன்முறை மருத்துவர், கற்றவர் நோயாளி. தொழுநோயாளரின் விரல்கள் சிதைவதற்கு உணர்விழப்பே முதன்மைக் காரணம் என்பதையும் பிராண்ட் வற்புறுத்தினார். சூடும் வெட்டும் உறைக்காத கை தன்னைக் காத்துக்கொள்ளாது. நோவு காவலும் ஆகும் என்ற உண்மை இங்கே தெளிவுபெற்றது.

அவருடன் பணியாற்றிய மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் நேர்ந்த வண்டி விபத்தில் இடுப்பின்கீழ் இயக்கம் இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். பின் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். அவர் முயற்சியால் 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது.

நோவைச் சொல்லும் சொற்கள்

1965இல் மொன்றியல் மக்கில் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வோல் என்பாருடன் சேர்ந்து 'வாயில்' கோட்பாட்டை வெளியிட்டார். தண்டுவடத்தில் நோவுச் செய்தி தடுக்கப்படவோ விடப்படவோ கூடும். தொடுகையும் அழுத்தமும், மூளையிலிருந்து வரும் அச்சமும் நம்பிக்கையும் அவ்வாயிலைப் பாதிக்கும் என்பது அதன் சாரம். மெல்சாக் 1975இல் வெளியிட்ட மக்கில் வினாநிரல் 78 நோவுச் சொற்களை 20 தொகுதிகளாக வகுத்தது. நோயாளி தேர்ந்த சொல்லே மருத்துவரின் சான்றாயிற்று. அச்சொற்களோ ஆங்கிலச் சொற்கள்.

தமிழ் இத்துறையில் வறியதன்று. உளைவு, குத்து, குடைச்சல், கடுப்பு, எரிவு, பிடிப்பு, சுளுக்கு, விறைப்பு எனத் தனித்தனிச் சொற்கள் உள்ளன. யாழ்ப்பாணத்தார் 'நாரி உளையுது' என்பர். தமிழகத்தார் பெண் எனப் பொருள்கொள்ளும் 'நாரி' அங்கே கீழ்முதுகைக் குறிக்கும். 'விறைப்பு' மூட்டின் இறுக்கத்தையும் குறிக்கும், உணர்வின் மரப்பையும் குறிக்கும். முன்னதற்கு அசைவுப் பயிற்சி தேவை. பின்னது நரம்பைச் சோதிக்கச் சொல்லும் அறிகுறி. இரண்டையும் 'வலி' என்ற ஒரே சொல்லால் மொழிபெயர்த்தால் சிகிச்சையின் திசையே மாறலாம்.

ரெக்ஸ்டேலின் நிலை

ஒன்ராறியோவில் 1991ஆம் ஆண்டுச் சட்டம் இத்தொழிலை ஒழுங்குபடுத்தியது. மருத்துவரின் பரிந்துரை இன்றியே இயன்முறை மருத்துவரை நாடலாம். ஆயினும் 2005 ஏப்ரல் முதல், 20 முதல் 64 வயது வரையினருள் பெரும்பாலோர்க்கு வெளிச் சிகிச்சையகங்களில் அரசுக் காப்புறுதியின் உதவி நின்றது. பணியிட விபத்துக் காப்புறுதியோ தொழில் வழங்குநரின் காப்புறுதியோ வாய்க்காத தொழிலாளி தம் கைப்பணத்தையே நம்ப வேண்டியவரானார். உடலால் உழைக்கும் வயதினருக்கே இந்நிலை நேர்ந்தது.

பணம் கொடுத்து ஓரிரு முறை மட்டும் வர இயன்றவருக்கு, வீட்டில் செய்யும் பயிற்சியே சிகிச்சையின் பெரும்பகுதி. பயிற்சிக்குப் பின் ஓரிரு நாள் நிற்கும் தசை உளைவு இயல்பானது. காலில் இறங்கும் எரிவும் புதிதாக வரும் மரப்பும் நிறுத்திக் கேட்க வேண்டியவை. இவ்வேறுபாடு விளங்காதவர் முதல் உளைவிலேயே அஞ்சிப் பயிற்சியைக் கைவிடுவார். அல்லது எரிவைப் பொறுத்துக்கொண்டு தீங்கு தேடுவார். மொழிபெயர்க்கும் பொறுப்புப் பிள்ளைகள்மேல் விழும் இல்லங்களில் இவ்விடர் மேலும் கூடும். அவர்களுக்கு 'உளைவு' என்ற சொல்லே அயலாகியிருக்கலாம்.

முடிவுரை

ஹார்ட் ஹவுஸ், வேலூர், மொன்றியல் ஆகிய மூன்றும் உணர்த்துவது ஒன்றே: இயக்கத்தை மீட்பவர் நோயாளி, வழிகாட்டுபவர் மருத்துவர், இருவரையும் இணைப்பது சொல். ஈழ, தமிழக வழக்குகள் இரண்டையும் உள்ளடக்கிய நோவுச் சொல் அகராதி ஒன்று, மருத்துவரும் மொழியறிஞரும் கூடித் தொகுக்க வேண்டிய பணியாகும். முதல் தலைமுறைத் தொழிலாளர் முதுமையடைந்துவரும் இக்காலமே அதற்கு ஏற்றது. அவர்கள் வாயிலிருந்து கேட்கக்கூடிய இச்சொற்களைப் பிற்காலத்தில் ஏடுகளில் மட்டும் தேட வேண்டிவரும்.