குறையாத நிறை: நற்பிட்டிமுனைப் பெண்களின் முறைப்பாடும் நிறைகுறைப்பு அறிவுரையின் போதாமையும்

"கொஞ்சந்தான் சாப்பிடுறன், காலையில நடக்கிறன், ஆனா உடம்பு குறையுதில்ல." கல்முனைக்கு மேற்கே வயலோரம் அமைந்த நற்பிட்டிமுனையில், முஸ்லிம் வீடானாலும் தமிழ் வீடானாலும், நாற்பதைத் தாண்டிய பெண்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இதற்கு வழமையாகக் கிடைக்கும் பதில்கள் இரண்டு. கிளினிக்கில் 'நீங்கள் வாயைக் கட்டவில்லை' என்பார்கள். அயலில் 'அது பரம்பரை உடம்பு, குறையாது' என்பார்கள். முதலாவது பதில் அந்தப் பெண்ணின் வாய்மையைச் சந்தேகிக்கிறது. இரண்டாவது, அவளது முயற்சியையே வீணென்று ஒதுக்கிவிடுகிறது. இரண்டும் பிழையான பதில்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம். அவள் சொல்வதில் பெரும்பகுதி உண்மை. அந்த உண்மையைக் காணும் விதத்தில் நாம் அவளை அளப்பதில்லை.

அவளுக்கு எதிரான மிக வலுவான சான்றை முதலில் எடுத்துக்கொள்வதே முறை. 1992இல் நியூயோர்க்கில் லிச்மனும் சக ஆய்வாளர்களும், நாளொன்றுக்கு 1200 கலோரிக்கும் குறைவாக உண்டும் நிறை குறையவில்லை என்று முறையிட்ட பத்துப் பேரை ஆராய்ந்தார்கள். கனமான ஐதரசனும் ஒட்சிசனும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து, அவை உடலைவிட்டு வெளியேறும் வேகத்தைச் சிறுநீரில் கணித்தால், ஒருவர் உண்மையில் எவ்வளவு சக்தியைச் செலவிட்டார் என்பது தெரிந்துவிடும். முடிவு கடுமையாக இருந்தது. அவர்கள் தாம் உண்டதாகச் சொன்னது உண்மையில் உண்டதைவிட 47 வீதம் குறைவு. செய்ததாகச் சொன்ன உடலுழைப்போ உண்மையைவிட 51 வீதம் அதிகம். அவர்களது உடலின் சக்திச் செலவு வழமையான அளவிலேயே இருந்தது. 'வாயைக் கட்டவில்லை' என்னும் தீர்ப்புக்கு விஞ்ஞானச் சான்று வேண்டுவோர் இந்த ஆய்வையே காட்டுவார்கள்.

ஆனால் பத்து ஆண்டுகள் கழித்து, 2002இல், அதே முறையால் அமெரிக்காவில் போசாக்கு நிபுணர்களான பெண்களும் அளக்கப்பட்டார்கள். உணவை அளந்து குறிப்பதையே தொழிலாகக் கொண்ட அவர்களும் நாளொன்றுக்குச் சராசரியாக 223 கலோரியைக் குறைத்தே பதிந்திருந்தார்கள். அத்துறையில் பயிற்சி இல்லாத பெண்கள் குறைத்துப் பதிந்தது 429 கலோரி. ஆகவே இது நேர்மை பற்றிய கேள்வி அல்ல. தான் உண்பதைத் தானே மதிப்பிடுவது மனிதர் எவருக்கும் கடினம். தட்டில் பார்த்து அறிய முடியாதபடி சக்தி கலந்திருக்கும் சமையலில் அது இன்னும் கடினம்.

நற்பிட்டிமுனையின் அடுப்படியை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. அக்கரைப்பற்றை மையமாகக் கொண்டு ஆய்வு செய்து 2008இல் விரிவான நூலொன்றை வெளியிட்ட மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, இக்கரையோரத்தில் தமிழரும் முஸ்லிம்களும் பகிரும் தாய்வழி அமைப்பை விளக்கியிருக்கிறார். வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போகிறது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். இதன் விளைவாக உம்மாவும் மகள்மாரும் ஒரே வளவில், பல வேளைகளில் ஒரே அடுப்பைச் சுற்றி வாழ்கிறார்கள். இப்படியான வீட்டில் 'நான் சாப்பிட்டது' என்று தனியே பிரித்தெடுக்கக்கூடிய ஒன்று இல்லை. ஆணத்தின் உப்புப் பார்க்க உள்ளங்கையில் ஊற்றிக் குடித்தது, பிள்ளை மிச்சம் வைத்த பிட்டை வீணாக்க மனமில்லாமல் வாயில் போட்டது, ராத்தா வந்தாள் என்று மறுபடியும் ஊற்றிய தேத்தண்ணி, இவற்றையெல்லாம் யாரும் சாப்பாடு என்று எண்ணுவதில்லை. சாப்பாடு என்றால் சோறு. அதை அவள் உண்மையாகவே குறைத்திருக்கிறாள்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து பேர் உள்ள ஒரு வீட்டில் மாதம் ஐந்து கிலோ சீனியும் மூன்று லீட்டர் தேங்காய் எண்ணெயும் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். தாராளமென்று எவரும் குறை சொல்லும் அளவல்ல இது. சமமாகப் பங்கிட்டால், சீனியிலிருந்து ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 130 கலோரி, எண்ணெயிலிருந்து ஏறத்தாழ 165 கலோரி. ஆக, தேங்காய்ப்பாலைச் சேர்க்காமலே 300 கலோரிக்கு அருகில் வருகிறது. எழுபது கிலோ நிறையுள்ள பெண் சுபஹுக்குப் பிறகு அரை மணி நேரம் நடந்தால், ஓய்வாக இருந்திருந்தால் செலவாகியிருப்பதைவிடக் கூடுதலாகச் செலவாவது ஏறத்தாழ 100 கலோரி. நடைக்கும் தேத்தண்ணிக்கும் இடையிலான இந்த விகிதத்தை அவளுக்கு எவரும் சொல்லித் தந்ததில்லை.

2022இன் பொருளாதார நெருக்கடி இதை இன்னும் மோசமாக்கியது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. மீனும் முட்டையும் பாலும் குறைந்த தட்டில் சோறும் ரொட்டியும் சீனித் தேநீருமே மிஞ்சின. கறியில்லாத தட்டைப் பார்த்து 'கொஞ்சந்தான் சாப்பிடுறன்' என்று சொல்வது இயல்பு. புரதம் குறைந்த உணவு பசியைச் சீக்கிரம் திருப்பி அழைக்கும் என்ற சிம்சன், ரோபென்ஹைமர் ஆகியோரின் 2005ஆம் ஆண்டுக் கருதுகோள் இங்கு பொருந்துகிறது என்றே நான் கருதுகிறேன். வறுமையும் பருமனும் ஒரே வீட்டில் இருக்க முடியாது என்னும் பழைய எண்ணத்தை நாம் கைவிட வேண்டும்.

இதுவரை சொன்னது உட்கொள்ளும் பக்கம். செலவின் பக்கத்தில் அவளது முறைப்பாடு இன்னும் வலுவானது. நிறை குறையும்போது உடல் தன் செலவையும் குறைத்துக்கொள்கிறது. லைபல், ரோசன்பாம், ஹேர்ஷ் ஆகியோர் 1995இல் காட்டியபடி, நிறையில் 10 வீதத்தை இழந்தவரின் சக்திச் செலவு, அவரது புதிய உடலளவுக்கு எதிர்பார்க்கத்தக்கதைவிடவும் கீழே இறங்குகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியொன்றில் கடுமையாக நிறை குறைத்த 14 பேரை ஆறு ஆண்டுகளின் பின்னர் அளந்த 2016ஆம் ஆண்டு ஆய்வில், ஓய்வுநிலைச் செலவு எதிர்பார்த்ததைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைந்தே கிடந்தது. இழந்த நிறையின் பெரும்பகுதியும் திரும்பியிருந்தது. உடற்பயிற்சியும் நாம் நினைக்கும் அளவுக்குக் கூட்டல் கணக்காக வேலை செய்வதில்லை. நாள் முழுதும் நடந்து வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழும் தன்சானியாவின் ஹட்சா மக்களின் மொத்தச் சக்திச் செலவு, உடலளவைக் கருத்திற் கொண்டால், அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் மேற்கத்தையரின் செலவோடு ஒத்தே இருந்தது என்று பொன்ட்சர் 2012இல் வெளியிட்டார். நடை இதயத்துக்கும் குருதிச் சீனிக்கும் பெரும் நன்மை செய்கிறது. நிறையைக் குறைக்கும் கருவியாக மட்டும் அதை விற்றதுதான் தவறு.

அடுத்து வேகம் பற்றிய விடயம். இதை நம் சுகாதாரக் கல்வி முற்றாகத் தவறவிட்டிருப்பதாக எண்ணுகிறேன். 7700 கலோரி குறைத்தால் ஒரு கிலோ குறையும் என்ற வாய்பாடு இன்னும் துண்டுப்பிரசுரங்களில் அச்சாகிறது. கெவின் ஹோலும் குழுவினரும் 2011இல் லான்செட் மருத்துவ இதழில் அதைத் திருத்தினார்கள். நாளாந்தம் 24 கலோரியை நிரந்தரமாகக் குறைத்தால் இறுதியில் ஒரு கிலோ குறையும். அதில் பாதி குறைய ஏறத்தாழ ஓராண்டும், 95 வீதம் குறைய ஏறத்தாழ மூன்றாண்டும் எடுக்கும் என்பதே அவர்கள் தந்த மதிப்பீடு. நம் பெண்ணுக்கு இதைப் பொருத்துவோம். அவள் நாளொன்றுக்கு 100 கலோரி அளவு வித்தியாசத்தை ஒரு நாளும் தவறாமல் காப்பாற்றினாலும், முதலாம் ஆண்டில் குறைவது இரண்டு கிலோ. மாதத்துக்கு 200 கிராம்கூட இல்லை. உப்பு, மாதவிடாய், மலச்சிக்கல் காரணமாக உடல்நீர் மட்டுமே நாளுக்கு நாள் ஓரிரு கிலோ ஏறி இறங்கும். மாதமொரு முறை கிளினிக் தராசில் ஏறி நிற்பவளின் முயற்சி அந்த ஏற்ற இறக்கத்துக்குள் மறைந்துபோகிறது. அவள் வெற்றி பெற்றுக்கொண்டிருக்கும் மாதத்திலேயே தோற்றுவிட்டதாக அவளிடம் சொல்கிறோம். மனமுடைந்து நிறுத்திவிடுகிறாள்.

நிறை எளிதில் குறைந்து நிலைப்பதில்லை என்பதற்கு நோன்பு மாதம் நல்ல சான்று. 2014இல் வெளியான தொகுப்பாய்வொன்று, றமழானில் சராசரியாக ஒன்றேகால் கிலோ அளவில் நிறை குறைவதையும், சில வாரங்களில் அதன் பெரும்பகுதி திரும்பிவிடுவதையும் காட்டியது. ஒரு மாதம் பகலெல்லாம் பசித்திருந்தும் இவ்வளவுதானா என்று வியப்போர், நோன்பு திறக்கையில் கஞ்சியோடு வரும் சமூசாவையும் சர்பத்தையும் மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. நோன்பின் நோக்கமும் நிறைகுறைப்பு அல்லவே.

தெற்காசிய உடலின் தனித்தன்மை வேறு இருக்கிறது. யாஜ்னிக், யட்கின் என்ற இரு மருத்துவர்கள் 2004இல் தம் இருவரது அளவுகளையே லான்செட்டில் அருகருகே வெளியிட்டார்கள். இருவருக்கும் உடற்திணிவுச் சுட்டி 22.3. ஆனால் இங்கிலாந்தவரான யட்கினின் உடற்கொழுப்பு 9.1 வீதம், புனேயைச் சேர்ந்த யாஜ்னிக்கினது 21.2 வீதம். யாஜ்னிக்கின் புனே ஆய்வில் பிறந்த குழந்தைகளின் சராசரி நிறை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுதாம்டனில் 3.5 கிலோ. தசையிலும் உள்ளுறுப்பிலும் சிறுத்த புனேக் குழந்தைகள் தோலடிக் கொழுப்பில் அதே அளவுக்குச் சிறுக்கவில்லை. தசையும் உறுப்பும் சிறிதானால் ஓய்வுநிலைச் செலவும் சிறிதாகும். வெப்பவலய மக்களின் அடிப்படைச் செலவை ஐரோப்பியத் தரவுகளில் எழுந்த சமன்பாடுகள் கூட்டியே கணிக்கின்றன என்று ஹென்றியும் றீஸும் 1991இலேயே எழுதியிருக்கிறார்கள். ஆகவே வெளிநாட்டு அட்டவணை ஒன்று 'இவ்வளவு உண்டால் குறைய வேண்டும்' என்று சொல்வதும், இவளுக்குக் குறையாமல் இருப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

இவற்றோடு நம் தரவுகளின் வெற்றிடத்தையும் சொல்லியாக வேண்டும். இலங்கையில் வளர்ந்தோரில் 10.3 வீதத்தினருக்கு நீரிழிவு என்றும், 26.2 வீதத்தினருக்கு வயிற்றுப் பருமன் என்றும் நெடுங்காலம் மேற்கோள் காட்டப்பட்ட எண்கள், கட்டுலந்த குழுவினர் 2005–2006 காலத்தில் ஏழு மாகாணங்களில் திரட்டிய தரவிலிருந்து வந்தவை. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் அதில் இடம்பெறவில்லை. அதாவது, தேசியக் கொள்கை வகுக்கப்பட்ட காலத்தில் நற்பிட்டிமுனைப் பெண்ணின் உடல் அந்தக் கணக்கிலேயே இல்லை. 2018–2019 தேசிய ஆய்வு நீரிழிவை 23 வீதமாகக் காட்டியது. பிரச்சினை எங்கோ தூரத்துக் கொழும்பினுடையது என்று இனிச் சொல்ல இடமில்லை.

மருத்துவக் காரணங்களைச் சுருக்கமாகவே குறிப்பிடுகிறேன். தைரொயிட் சுரப்புக் குறைவு, ஸ்டீரொயிட் மருந்துகள், இன்சுலின், நீரிழிவுக்கான சில குளிசைகள், மனநோய் மருந்துகள் சில, ஆகியவை நிறையை ஏற்றலாம். கம்பஹாவில் நடந்த சமூக ஆய்வொன்றில் 15 முதல் 39 வயதுப் பெண்களில் 6.3 வீதத்தினருக்கு சினைப்பை நீர்க்கட்டி நோய் இருந்தது. மாதவிடாய் பிசகிய பெண் 'உடம்பு குறையுதில்ல' என்று சொன்னால் அதைக் கேட்டுவிட்டு அனுப்பிவிடாமல் பரிசோதிக்க வேண்டும். எனினும் பெரும்பாலானோரின் கதை இந்தப் பட்டியலுக்குள் அடங்காது.

அப்படியானால் செய்வதற்கு ஒன்றுமில்லையா? தமிழ் வாசகர் பெருமைப்படத்தக்க ஒரு பதில் சென்னையிலிருந்து வந்திருக்கிறது. அ. ராமச்சந்திரன் தலைமையிலான குழு, நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை மூன்றாண்டு தொடர்ந்து பார்த்து 2006இல் முடிவை வெளியிட்டது. வழமையான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 வீதத்தினர் நீரிழிவாளரானார்கள். உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களில் 39.3 வீதத்தினரே ஆனார்கள். ஆபத்து 28.5 வீதம் குறைந்தது. அவர்களது சராசரி நிறை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்பதுதான் இதில் முக்கியம். தராசு 'ஒன்றும் நடக்கவில்லை' என்று காட்டிய அதே மூன்றாண்டில் நோய் பின்வாங்கிக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் 2002இல் வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் ஆபத்து 58 வீதம் குறைந்தது, அங்கு நிறையும் குறைந்தது என்று மறுத்துச் சொல்லலாம். நிறையும் குறைந்தால் நன்மை கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. நிறை குறையாவிட்டால் நன்மையே இல்லை என்பதைத்தான் மறுக்கிறேன்.

சுகாதார அமைச்சு 2011 முதல் நாடெங்கும் அமைத்த சுகவாழ்வு நிலையங்கள் இப்பிரதேசத்துக்கும் உரியவை. அங்கே மூன்று மாற்றங்கள் வேண்டும். தெற்காசியப் பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றர், ஆணுக்கு 90 சென்ரிமீற்றர் என்ற இடுப்பளவு வரம்பை, நிறைக்கு முன்னால் கொப்பியில் எழுத வேண்டும். 'நேற்று என்ன சாப்பிட்டீர்கள்' என்று கேட்பதைவிட, 'வீட்டில் எத்தனை பேர், மாதம் எத்தனை கிலோ சீனி, எத்தனை போத்தல் எண்ணெய்' என்று கேட்பது பயன் தரும். கடைக்கணக்கை எந்தப் பெண்ணும் மறப்பதில்லை, அதில் வெட்கமும் இல்லை. பெண்கள் நடப்பதற்கு வெளிச்சமும் மறைவும் உள்ள இடத்தைப் பள்ளிவாசல், கோயில் நிர்வாகங்களும் மாநகர சபையும் சேர்ந்து ஒதுக்க வேண்டும். மாரியில் கிட்டங்கித் தாம்போதியை வெள்ளம் மூடும் காலத்தில் வீதியோர நடை நின்றுவிடுகிறது. அந்த மாதங்களுக்குப் பாடசாலை மண்டபங்களைத் திறந்துவிடலாம்.

இப்பகுதியின் வைத்தியர்களிடமும் குடும்பநல உத்தியோகத்தர்களிடமும் என் வேண்டுகோள் ஒன்றே. உடம்பு குறையவில்லை என்று அடுத்த முறை ஒரு பெண் வந்து சொன்னால், முதலில் அவளை நம்புங்கள். நம்பிவிட்டு, இடுப்பை அளந்து, குருதிச் சீனியைப் பார்த்து, கடைக்கணக்கைக் கேளுங்கள்.