வெட்ட வெட்டத் துளிர்க்கும்!

ரோமானியச் சக்கரவர்த்தி டைபீரியஸின் மகன் ட்ரூசஸ், ஒரு மாதம் முழுக்க ப்ராக்கோலியைத் தவிர வேறெதையும் தொடவில்லை என்று ஒரு கதை உண்டு. சுவையான கதைதான்! ஆனால், கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ப்ளைனி எழுதி வைத்திருப்பது நேர்மாறு. கோஸ் செடியின் இளந்தண்டுகளை ட்ரூசஸ் சீந்தவே இல்லையாம். அபிசியஸ் என்கிற சாப்பாட்டு ரசிகரின் சகவாசம் அப்படி! கடைசியில், அப்பாவிடம் திட்டு வாங்கியதுதான் மிச்சம்.

அந்த இளந்தண்டின் வாரிசுதான் ‘ஸ்ப்ரவுட்டிங் ப்ராக்கோலி’. நீங்கள் சூப்பர் மார்க்கெட்டில் பார்க்கிற பச்சை உருண்டை அல்ல... ஊதா மொட்டுகளோடு விரல் விரலாக நீளும் ரகம். இத்தாலியிலிருந்து இங்கிலாந்து போனபோது அதற்கு என்ன பெயர் வைப்பது என்றே புரியவில்லை போலும். 1724-ல் பிலிப் மில்லர் தன் தோட்ட அகராதியில் ‘இத்தாலிய அஸ்பாரகஸ்’ என்று குறித்தார்!

ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் அதைக் கைவிடாததற்குக் காரணம் ருசி மட்டுமல்ல, பசி! அங்கே குளிர்காலக் காய்கறிகள் தீர்ந்து, புதிய விளைச்சல் இன்னும் வராத வசந்தகால வாரங்களுக்கு ‘ஹங்ரி கேப்’ என்றே பெயர். அதாவது, பசி இடைவெளி. அப்போது கைகொடுப்பது இந்தச் செடிதான். ஜூன், ஜூலையில் நாற்றை இரண்டடி இடைவெளியில் நட்டு, காற்றில் ஆடாதபடி மண்ணை நன்றாக மிதித்து இறுக்குவார்கள். புறாக்கள் கொத்தாமலிருக்க மேலே வலை. அப்புறம், பனியில் மாசக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். பிப்ரவரி, மார்ச்சில் நடுக்கொழுந்தை வெட்டினால் பக்கத்தில் புதுசு புதுசாகத் துளிர்க்கும். வெட்ட வெட்ட வரும்!

இரண்டாம் உலகப்போரில் உணவுக் கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் குறிவைத்தபோது, ‘வெற்றிக்காகத் தோண்டுங்கள்’ என்று ஜனங்களைக் கேட்டுக்கொண்டது பிரிட்டிஷ் அரசு. பூங்காக்கள்கூடக் காய்கறிப் பாத்திகள் ஆயின. குளிர்காலத்தைத் தாண்டி நிற்கும் செடிக்கு அன்றைக்கு இருந்த மதிப்பை யோசித்துப் பாருங்கள்!

1990-ல் அமெரிக்க ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் (அப்பா புஷ்!) தன் விமானத்தில் ப்ராக்கோலிக்குத் தடை போட்டார். சின்ன வயசில் அம்மா கட்டாயப்படுத்தி ஊட்டிய கோபமாம்! கடுப்பான விவசாயிகள், லாரி லாரியாக ப்ராக்கோலியை வாஷிங்டனுக்கு அனுப்பி வைத்தார்கள்.

ட்ரூசஸோ புஷ்ஷோ, ‘வேண்டாம்’ என்று தட்டைத் தள்ளினால் வேறு தட்டு வரும். மார்ச் மாசப் பனியில், கத்தியோடு தோட்டத்துக்குப் போன குடும்பத்தலைவிக்கு..?