காரியதரிசிப் பறவை: ஒரு பெயரின் வரலாறு

ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் வாழும் வேட்டைப் பறவை ஒன்றுக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயர் ‘செக்ரட்டரி’, அதாவது காரியதரிசி. நான்கடிக்கு மேற்பட்ட உயரம், கொக்கினுடையவை போன்ற நெடுங்கால்கள், பருந்தின் அலகு. நிலத்தில் நடந்து சென்று பாம்பை உதைத்துக் கொல்வது அதன் தொழில். அவ்வுதையின் விசை அதன் உடல் எடையைப் போல் ஐந்து மடங்கு என்று 2016-இல் வெளியான ஆய்வொன்று அளந்து கூறிற்று. இத்தகைய வேட்டுவனுக்கும் எழுத்து வேலைக்கும் யாது தொடர்பு?

பிடரியில் நீண்டு நிற்கும் கரிய இறகுகள், காதோரம் இறகுப் பேனாவைச் செருகிய எழுத்தரை நினைவூட்டியதால் இப்பெயர் வந்தது என்பது நெடுங்காலம் வழங்கிய விளக்கம். 1977-இல் ஹிலரி ஃப்ரை என்னும் பறவையியலார் வேறொன்று சொன்னார். அரபியில் ‘ஸக்ர்’ என்றால் வல்லூறு; ‘தைர்’ என்றால் பறவை. ‘ஸக்ருத் தைர்’ என்பதே ஐரோப்பியர் நாவில் திரிந்து ‘செக்ரட்டரி’ ஆயிற்று என்பது அவர் கருத்து. நூல்கள் பல இதனை ஏற்று எழுதின.

அரபி மொழிக்குப் பெருமை சேர்க்கும் செய்தி என்றால் நம் உள்ளம் குளிர்வது இயல்பே. ஆயினும், அறிவிப்பாளர் தொடரை ஆராயாமல் எச்செய்தியையும் ஏற்கலாகாது என்று உலகுக்குக் கற்பித்த ஹதீஸ் கலை அறிஞர்களின் வழிவந்தவர்கள் நாம். இச்செய்தியின் தொடர் எங்கே போய் முடிகின்றது என்று கேட்பது நம் கடமையன்றோ!

தேடிச் சென்றால் நாம் அடைவது அரபு நாட்டை அன்று, நன்னம்பிக்கை முனையை. அங்கிருந்து ஹாலந்துக்கு அனுப்பப்பட்ட பறவையைக் கண்டு, வோஸ்மார் என்னும் டச்சு அறிஞர் 1769-இல் அதனைப் பற்றி எழுதினார். அதன் நடை வில்லாளியின் நடையை ஒத்திருப்பதால் குடியேறிய டச்சுக்காரர் ‘ஸஜிட்டேரியஸ்’ என்றனர் என்றும், அதனை வீட்டில் வளர்த்த உழவர்கள் ‘ஸெக்ரட்டேரியஸ்’ என்றனர் என்றும் அவர் குறித்தார். முன்னதன் திரிபே பின்னது என்பது அவர் ஊகம். 2018-இல் இயான் கிளென் என்னும் தென்னாப்பிரிக்க ஆய்வாளர் இதனைத் தலைகீழாக்கி, ‘ஸெக்ரட்டேரியஸ்’ என்பதைத் தவறாகக் கேட்டதால் பிறந்ததே ‘ஸஜிட்டேரியஸ்’ என்றார். அரபி மூலத்திற்குச் சான்றில்லை என்றும் அவர் காட்டினார். ஆயினும் வில்லாளி என்னும் பெயரே இன்றுவரை அறிவியற் பெயராக நிலைத்துவிட்டது.

இப்பறவைக்கு அரபியில் பெயரில்லாமற் போகவில்லை. சூடான் நாட்டு அரசுச் சின்னத்தில் சிறகு விரித்து நிற்பது இதுவே. அம்மக்கள் இதனை ‘ஸக்ருல் ஜித்யான்’ என அழைக்கின்றனர். ஸக்ர் என்னும் சொல் அங்கே உயிரோடிருக்கின்றது; ஆனால் அது ஸக்ருத் தைர் அன்று.

நமக்குப் பிடித்த செய்தி என்பது அதற்குச் சான்றாகிவிடாது. உலக நாகரிகத்திற்கு அரபி ஈந்த சொற்கள் அல்ஜிப்ரா, அல்கஹால், அட்மிரல் என ஏராளம். உண்மைச் செல்வம் இத்தனை இருக்க, ஐயத்திற்குரிய ஒரு காசையும் அந்தக் கணக்கில் சேர்ப்பானேன்? ஒரு பொய்க்காசு வெளிப்பட்டால், நற்காசுகளையும் உலகம் உரசிப் பார்க்கத் தொடங்கிவிடும்.